எங்க தெரு ஆயா

எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவளும் ஆயா, அம்மாவைப் பெற்றவளும் ஆயா. பள்ளிக்கூடத்தில் பெருக்கி, கக்கூஸ் கழுவி, மணியடிக்கிறவளும் ஆயாதான். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு மாடிப்படியில் நின்று ‘ஆயா’ என்று குரல் கொடுத்தால் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நான் ஏழு வருஷம் ஒளிந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன். பூசணிக்காயே ஒத்துழைத்தால் எதையும் மறைக்கலாம்.

அந்தப் பூசணிக்காயின் பெயர் பச்சையம்மா. என் அப்பாவைப் பெற்றவள். எனக்கு மூன்று வயதில் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்கப்புறம் என்னைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, அடித்தது எல்லாம் ஆயாதான். 2004 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவள் செத்துப்போனாள். அவளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் முதலில் என்னைத் திட்டிக்கொள்ளாமல் ஒரு வரி நகரமாட்டேன் என்கிறது.

ஆயாவுக்கு முப்பது வயதிலேயே புருஷன் இல்லை. தாத்தா அப்பாவு ஹார்பரில் கரி இறக்கியவர். நெஞ்சில் சேர்ந்த கரியே அவரைக் கொண்டுபோயிற்று. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொல்ல, கையில் பையனைப் பிடித்துக்கொண்டு போய் நின்றவள், சாகிறவரைக்கும் அங்கேயே வேலை பார்த்தாள். அவளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

அந்தப் பையன்தான் என் அப்பா செங்குட்டுவன். அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. விடிகாலையில் பேசின்பிரிட்ஜில் ரயிலேறிப் போய், இருட்டும்போது காதுமடலில் சாம்பலோடு திரும்புவார். எங்கள் வீட்டுச் சுவரில் புத்தரும் அண்ணலும் இருப்பார்கள். ஆயாவின் அம்மன் காலண்டர் கதவுக்குப் பின்னால் இருக்கும். அப்பாவுக்கு ஆயா கக்கூஸ் கழுவுவது ஆகவே ஆகாது.

“நம்மாளுங்கன்னா இதுக்குத்தான்னு எழுதி வெச்சிக்கீறானுங்க. நீயும் போய் குனிஞ்சி நிக்கிற. வுட்டுட்டு வாம்மா” என்று மாதத்துக்கு ஒருதரம் கத்துவார்.

“நா இன்னா கக்கூஸ் கழுவவா போறேன்? மணியடிக்கப் போறேன்டா” என்பாள் ஆயா. “நா அடிச்சாத்தான் கணக்கு டீச்சரு வாய மூடும். ஹெட்மிஸ்ஸே நா அடிக்காம எழுந்து போவ முடியாது, தெரிஞ்சிக்கோ.”

மணி என்றால் மணி இல்லை. வேப்பமரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அதை அடிக்க ஆயாவுக்கு மட்டுமே கை வரும். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தவள், அந்தக் கம்பியைக் கையில் எடுக்கும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வாள்.

அப்பா எனக்கு வைத்த பெயர் சங்கமித்ரா. ஆயா அதை முதல் நாளே உடைத்துச் ‘சங்கு’ ஆக்கிவிட்டாள். “இம்மா நீட்டு பேர கூப்ட்டு முடிக்கிறதுக்குள்ள கொழந்த பெருசாயிடும்” என்றாளாம். யார் சாவுக்குப் போய்விட்டு வந்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்: “நா செத்தா சங்கு தேடிக்கினு ஓட வாணாம். வூட்லயே கீது.”

ஆயாவுக்குப் படிப்பு கிடையாது. சம்பள நோட்டில் கைநாட்டுதான். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, என் சிலேட்டில் அவள் பெயரை எழுதிக் காட்டி, அதன்மேலேயே எழுதவைத்து, இரண்டு மாதத்தில் கையெழுத்துப் போட வைத்தேன். ‘ம்’ மேல் புள்ளி வைக்க மறந்துவிடுவாள். “பொம்பள பேரு, பொட்டு இல்லாம வுடலாமா?” என்று நான் அதட்டினால், நாக்கைக் கடித்துக்கொண்டு பெரிதாக ஒரு பொட்டு வைப்பாள். முதல் முறை சம்பள நோட்டில் கையெழுத்துப் போட்ட அன்று, ஆபீஸ் கிளார்க், “ஆயா, உன் கட்டைவிரலுக்கு இன்னியோட ரிட்டயர்மென்ட்” என்றாராம். அதை அவள் தெரு முழுக்கச் சொன்னாள். அப்புறம் எங்கள் வீட்டு அரிசி டின், முறம், அம்மன் காலண்டர் எல்லாவற்றிலும் பச்சையம்மா, பச்சையம்மா என்று பொட்டோடு இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என்னை ஆயாவின் பள்ளிக்கூடத்திலேயே சேர்ப்பதென்று முடிவாயிற்று. பக்கத்தில் அதைவிட நல்ல பள்ளி இல்லை. அப்பா வந்து கையெழுத்துப் போட்டுச் சேர்த்தார். அன்று சாயங்காலம், அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து, ஆயா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“சங்கு, நா ஸ்கூல்ல இன்னா வேல செய்றேன்னு உனக்குத் தெரியும். பொட்டப் புள்ளைங்க வாய் சொம்மா இருக்காது. நீ என் பேத்தின்னு யாருக்கும் சொல்ல வாணாம்.”

“கேட்டா இன்னா சொல்றது?”

“ஆயான்னு சொல்லு. வூட்லயும் அதான கூப்புட்ற? பொய் சொன்ன மாதிரியும் ஆவாது.”

அவள் சொல்லித்தான் ஆரம்பித்தேன் என்று நான் பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அவள் சொன்னதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு அந்த நிம்மதி வந்திருக்கக் கூடாது. வந்தது. அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டோம்.

வீட்டில் என் பெயரை உடைத்தவள், பள்ளிக்கூடத்தில் ஓர் எழுத்து பிசகாமல் சொன்னாள். ‘சங்கமித்ரா பாப்பா, தண்ணி சிந்தாத.’ ‘சங்கமித்ரா பாப்பா, ஓரமா போ.’ எல்லோரையும் பாப்பா என்பாள், என்னையும் பாப்பா என்பாள். எங்கே எப்போது பழகினாளோ தெரியவில்லை. அந்த நீளப் பெயர் அவள் வாயிலிருந்து சுத்தமாக வரும்போது வேறு யாரையோ கூப்பிடுவது போலிருக்கும்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் மதியம் வரிசையில் நிற்கிறோம். என் ரிப்பன் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. வாளியோடு போன ஆயா, வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் இரண்டு தரம் துடைத்து, ரிப்பனை இழுத்துக் கட்டி, தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். காலையில் வீட்டில் செய்கிற அதே தட்டு. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். அவள் யோசித்துச் செய்ததில்லை.

என் பக்கத்தில் நின்ற நவ்ரீன் பார்த்துவிட்டாள். நவ்ரீன் என் உயிர்த் தோழி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டுவிடுகிறவள்.

“ஆயா உனக்கு மட்டும் கட்டி வுடுது. உனுக்கு சொந்தமா?”

“ச்சீ. எங்க தெரு ஆயா” என்றேன்.

நடுவில் ஒரு ‘தெரு’. அதைக்கூட மன்னித்துவிடலாம். முன்னால் ஒரு ‘ச்சீ’ போட்டேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஆயா அதற்குள் நாலடிதான் போயிருந்தாள். திரும்பினாள்.

“ஆமா நவ்ரீன் பாப்பா. ஒரே தெரு. பாத்த மொகமாச்சேன்னு கட்டி வுட்டேன்” என்று சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. மறுநாள் காலை தலை பின்னும்போது ரிப்பனை இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். “இனிமே அவுராது” என்றாள். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் ஆயாவின் கை என்மேல் பட்டதில்லை.

எட்டாம் வகுப்பு, பொங்கல் லீவு முடிந்து பத்து நாள் இருக்கும். சமூக அறிவியல் வகுப்பில் எனக்கு வயிறு சுருட்டியது. எழுந்தால் பாவாடையில் கறை. இந்த மாதிரி நேரத்தில் பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடுவது ஆயாவின் வேலை. வண்ணாரப்பேட்டையில் எத்தனையோ பெண்களை அவள் அப்படிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். போகிற வீட்டில், நல்ல சேதி கொண்டுவந்த வாய் என்று அவள் வாயில் சர்க்கரை போடுவார்கள். சில வீட்டில் ரவிக்கைத் துணியும் கிடைக்கும். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பாதி, அப்படி வந்த ரவிக்கைத் துணிகள்தான்.

ஹெட்மிஸ் இருதயம்மாள் கண்டிப்பானவர். முன்பு ஏதோ ஒரு பெண்ணின் அப்பா வந்து சத்தம் போட்டதிலிருந்து, பெண்ணை ஒப்படைத்ததற்கு எழுத்தில் வாங்கிவரச் சொல்லுவார். பெற்றுக்கொண்டவர் பெயர், உறவு, கையொப்பம் என்று மூன்று கோடு போட்ட தாள். அதை ஆயாவிடம் கொடுத்தார். “பத்திரமா கொண்டுபோய் அவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒப்படைச்சிட்டு வாங்க ஆயா.”

“சரிங்க மிஸ்” என்றாள் வீட்டுப் பெரியவள்.

தெருவில் இரண்டடி தள்ளிப் பின்னால் வந்தாள். எல்லாப் பெண்களுக்கும் சொல்கிற பாடத்தை எனக்கும் சொன்னாள். “பயப்படாத பாப்பா. இது நோவும் இல்ல, தப்பும் இல்ல. வவுறு வலிச்சா வெந்நி குடி.” மூலக்கொத்தளம் சுடுகாட்டு மதில் வந்ததும் இடுப்பிலிருந்து பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தை எடுத்து என் கையில் திணித்தாள். “கெட்டியா புடிச்சிக்கோ. இரும்பு கைல கீதுன்னா எதுவும் அண்டாது.” மதில் முடிந்து பேசின்பிரிட்ஜ் தாண்டியதும் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. “சங்கு” என்று என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். நடுரோட்டில் அழுதாள், உடனே சிரித்தாள். “உங்கம்மா இல்லியேடி பாக்கறதுக்கு” என்றாள்.

வீட்டுக்குள் போனதும் அந்தத் தாளை விரித்தோம்.

“நீயே போடு ஆயா. நீதான வூட்டுப் பெரியவ?”

“லூசு. பச்சையம்மான்னு போட்டா கிளார்க்கு பாக்க மாட்டானா? உறவுன்ற எடத்துல ‘பாட்டி’ன்னு எழுது. ஆயான்னு எழுதாத, மாட்டிக்குவோம்.”

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் உச்சரித்திராத சொல் அது. எழுதினேன். “பேரு?”

கொஞ்சம் யோசித்தாள். “முனியம்மான்னு போடு. ஊர்ல பாதிப் பேரு முனியம்மாதான்.”

“கையெழுத்து?”

“முனியம்மாவுக்கு கையெழுத்து வராது” என்றாள் ஆயா. என் பேனாவைத் திறந்து, கட்டைவிரலில் மையைக் கொட்டித் தேய்த்து, தாளில் அழுத்தினாள்.

அரிசி டின்னில்கூடக் கையெழுத்துப் போட்டவள். புள்ளிக்கு இவ்வளவு பெரிய பொட்டு வைத்தவள். அவள் கைநாட்டு வைத்ததைப் பார்த்து நான் அன்றைக்குச் சிரித்தேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். “ஆயாவே கொண்டாந்து வுட்டு, ஆயாவே வாங்கிக்கினேன்” என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அது என்ன காரியம் என்று எனக்கு உறைக்க ஆறு வருஷம் ஆயிற்று.

நாலு மணி பெல் அடிக்க அவள் திரும்பிப் போக வேண்டும். மை போகாத விரலைப் புடவையில் தேய்த்துக்கொண்டே வாசலில் நின்றாள். “அடியே, சேதி கொண்டாந்தவ வாய்ல சக்கர போட மாட்டியா?”

எனக்கு வலி, எரிச்சல், தூக்கம். “நீயே எடுத்துப் போட்டுக்கோ.”

“தானே போட்டுக்கினா அது பசிடி. அத்த யாராச்சும் போடணும்.”

“போ ஆயா. பாக்கி வெச்சிக்கோ.”

“வெச்சிக்கிறேன், வெச்சிக்கிறேன்” என்று படியிறங்கினாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் காலேஜுக்குப் போனேன். இனி ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பொய் என்பது பழைய செருப்பு மாதிரி, காலுக்குப் பழகிவிடுகிறது. ஒருதரம் பஸ்ஸில் நவ்ரீனைப் பார்த்தேன். “உங்க தெரு ஆயா நல்லா இருக்கா?” என்று கேட்டாள். “இருக்காங்க” என்றேன். அன்று ராத்திரி ஆயாவிடம் சொல்லலாமென்று வாய் வரைக்கும் வந்தது: ஆயா, ஒருநாள் நான் ஸ்கூலுக்கு வரேன், எல்லார் முன்னாலும் உன்னை எங்க ஆயான்னு சொல்றேன். சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். ஆயா எங்கே போய்விடப் போகிறாள்?

அந்தச் சனிக்கிழமை காலை டீ போடுவதற்காக ஸ்டவ்வைப் பற்றவைக்கக் குந்தியவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். பக்கத்து வீட்டு ஜீனத் அக்காவும் நானும் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது.

ஐஸ் பெட்டி வந்தது, பந்தல் போட்டார்கள். சாவு வேலைக்காரர் வந்து சங்கை எடுத்து ஒருதரம் ஊதிப் பார்த்தார். எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. வூட்லயே கீது. உட்கார்ந்திருந்த பெண்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

அப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “ஸ்கூல் சாவி கீது பாரு. இன்னிக்கி ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். குடுத்துட்டு சேதி சொல்லிட்டு வா. உன் டீச்சருங்கதான எல்லாம். நாலு மணிக்கு எடுக்கறோம்னு சொல்லு.” அவரைப் பொறுத்தவரை பள்ளிக்கூடத்துக்கே நாங்கள் இன்னாரென்று தெரியும்.

போகிற வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். எங்க ஆயா செத்துட்டாங்க மிஸ். எங்க ஆயா. ஹெட்மிஸ் மேஜைக்கு முன்னால் சாவிக்கொத்தை வைத்தேன்.

“ஆயா இறந்துட்டாங்க மிஸ்.”

“யாரு, நம்ம ஆயாவா?” எழுந்து நின்றுவிட்டார். “எப்போம்மா?”

“காலைல.”

“நீ அதே தெருதானே? இவ்வளவு தூரம் சேதி சொல்ல வந்தியே, நீ நல்லா இருக்கணும்.”

நான் வாயைத் திறந்தேன். ஏழு வருஷம் நடந்த தடத்திலேயே நாக்கு நடந்தது. “நாலு மணிக்கு எடுக்கறாங்க மிஸ்” என்றேன். எடுக்கிறோம் என்றுகூடச் சொல்லவில்லை, எடுக்கறாங்க. வெளியே வந்து வேப்பமரத்தடியில் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்த பிறகும் அவளைத் தெருவில் விட்டுவிட்டேன். இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது, உடம்பு வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குள் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் என் ஜன்மத்துக்கும் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

மூன்று மணிக்கு ஹெட்மிஸ் வந்தார். பின்னால் டீச்சர்கள் நாலு பேர், சீருடையில் பெண்கள், அப்புறம் வண்ணாரப்பேட்டைப் பொம்பளைகள். இருபது பேருக்கு மேல் இருக்கும். சிலர் இடுப்பில் குழந்தை. எல்லோரும் ஒரு காலத்தில் ஆயா வீட்டில் கொண்டுபோய் விட்ட பெண்கள். அவர்களில் நவ்ரீனும் இருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயும் வந்துட்டியா சங்கமித்ரா? உங்க தெரு ஆயா இல்ல? எம்மா நல்ல ஆயா.”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் தெருக்காரர்கள்தான். அப்பா வாசலில் மேளக்காரர்களோடு நின்றிருந்தார். ஆயாவின் இரண்டு கைக் கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். முனியம்மாவின் விரல். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரு இல்ல நவ்ரீன்.” குரல் எழும்பவில்லை. அவள் குனிந்து, “இன்னா?” என்றாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. நல்லவேளை வந்தது. கத்தினேன். “தெரு ஆயா இல்ல. எங்க ஆயா. எங்கப்பாவ பெத்தவ. என்ன வளத்தவ. நா பொய் சொன்னேன்.”

மேளம் நின்றது. ஹெட்மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். அப்பா வாசற்படியில் ஒரு கால் வைத்தபடி நின்றுவிட்டார். அவர் அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபம் நியாயம்தான்.

நவ்ரீன் என் கையை விடவில்லை. “அப்போ அந்தக் கோவக்காரி நீதானா?” என்றாள்.

“எந்தக் கோவக்காரி?”

“ஒம்பதாவதுல என்ன வூட்ல கொண்டாந்து வுட்டுச்சே, அப்போ எங்கம்மா ஆயா வாய்ல சக்கர போட்டாங்க. ஆயா மென்னுக்கினே சிரிச்சுது. ‘எனுக்கு ஒரு பேத்தி கீறா, மகா கோவக்காரி. அவ சேதியயும் நாந்தான் கொண்டாந்தேன். சக்கர போடுடின்னா, பாக்கி வெச்சிக்கோன்னுட்டா. வாங்காம வுட மாட்டேன்’னுச்சு. எங்கம்மா, ‘எங்க படிக்கிது, பேரு இன்னா’ன்னு கேட்டாங்க. ‘பேர சொன்னா கண்ணு பட்டுரும்மா’ன்னு சொல்ட்டு எழுந்து போயிருச்சு.”

அதுவரை நான் அழுததெல்லாம் அழுகையே இல்லை. நவ்ரீனின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவளுக்கு இருந்ததே என்று விட்டுவிட்டார். பெண்கள் ஒவ்வொருவராக அரிசி எடுத்துப் போட்டார்கள். என் முறை வந்ததும் நான் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். சாவு வீட்டில் அடுப்பெரியக் கூடாதென்று ஜீனத் அக்காதான் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சர்க்கரை டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தேன். ஆயாவின் உதட்டைத் திறந்து போட்டேன்.

“இன்னாடி பண்ற? அரிசி போடுடி” என்றாள் கீழ் வீட்டுக் கிழவி.

“பாக்கி கீது.”

“எறும்பு வரும்டி.”

“வரட்டும்” என்றேன்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். நான் நிற்கவில்லை. அப்பா ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். பேசின்பிரிட்ஜ் தாண்டி, அவள் என்னைக் கூட்டிவந்த அதே ரோட்டில் மூலக்கொத்தளத்துக்குப் போனோம். அன்றைக்கு அவள் இரண்டடி பின்னால் வந்தாள். இன்றைக்கு நான் பின்னால் போனேன். உள்ளங்கையில் சர்க்கரை பிசுபிசுத்தது. சுடுகாட்டு மதில் ஓரம் பழக்கடை வைத்திருந்த அம்மா, கூட்டத்தில் ஒரே பெண்ணாகப் போகிற என்னைப் பார்த்து எழுந்து வந்தாள்.

“யாரும்மா போய்ட்டது?”

“எங்க ஆயா” என்றேன்.